உணவுக்குழாய் உள்நோக்குப் பரிசோதனை: செல்லுமுன் அறிந்திருக்க வேண்டியவை

சோற்றுக் கவளம் நெஞ்சுக்குள் நின்றுவிடுவது போன்ற உணர்வு முதலில் எப்போதாவது ஒரு நாள் வரும். ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். சில மாதங்களில் இறைச்சியும் சப்பாத்தியும் தட்டிலிருந்து விலகும்; குழைந்த சோறும், சொதியில் ஊறிய இடியப்பமும் அவற்றின் இடத்தைப் பிடிக்கும். பின்னர் வீட்டார் எல்லோரும் உண்டு முடித்தபின் தனியே அமர்ந்து மெல்ல உண்ணும் பழக்கம் ஏற்படும். "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று அவரும் சொல்வார், வீட்டாரும் நம்புவர்.

விழுங்குவதில் ஏற்படும் சிரமம் முதுமையின் இயல்பான பகுதி அன்று. அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைப் பெரும்பாலும் கண்டறிய முடியும். அதற்குப் பயன்படும் முதன்மையான பரிசோதனை, வாய்வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி உணவுக்குழாயையும் இரைப்பையையும் நேரில் பார்ப்பதாகும். தமிழில் இது உள்நோக்குப் பரிசோதனை எனப்படும். ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் எண்டோஸ்கோபி என்றும் காஸ்ட்ரோஸ்கோபி என்றும் கூறுவர். ஹரிஸ் பார்க்கிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழ் பேசும் குடும்பங்கள் இப்பரிசோதனைக்குத் தெளிவுடன் ஆயத்தமாவதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளுங்கள். உள்ளே இருப்பதைக் கருவி பார்க்கும். ஆனால் நீங்கள் உட்கொள்ளும் மருந்தையோ, உங்கள் பழக்கங்களையோ, காலையில் குடித்த பால் தேநீரையோ அது மருத்துவருக்கு முன்கூட்டி அறிவிக்காது. அவற்றை நீங்களே சொல்ல வேண்டும். பரிசோதனையின் பாதுகாப்பில் பெரும்பங்கு அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

உணவுக்குழாயும் அதன் குறைகளும்

வளர்ந்தவர்களின் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்றிமீற்றர் நீளமுள்ள தசைக்குழாய். தொண்டையிலிருந்து நெஞ்சின் நடுவே இறங்கி, இரைப்பையுடன் சேருகிறது. சேருமிடத்தில் உள்ள தசைவளையம் உணவு வரும்போது தளரும். மற்ற வேளைகளில் இறுகி, இரைப்பை அமிலம் மேலெழாமல் தடுக்கும்.

இவ்வளையம் பலவீனமடைந்தால் அமிலம் மேலேறி நெஞ்செரிவை உண்டாக்குகிறது. அது பல ஆண்டுகள் நீடித்தால் குழாயின் உட்சுவர் புண்ணாகலாம், தழும்பேறிக் குறுகலாம். சிலருக்கு அச்சுவரின் உயிரணுக்களே மாறிவிடும். பாரெட் உணவுக்குழாய் எனப்படும் இந்நிலை உள்ளவர்களுள் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் வருவதில்லை. எனினும் சிலருக்கு வரக்கூடும் என்பதால் குறித்த கால இடைவெளியில் மீண்டும் பரிசோதிக்கின்றனர்.

ஒவ்வாமை சார்ந்த அழற்சியாலும் உணவு சிக்கலாம்; இது இளைஞர்களிடமும் காணப்படும். ஈரல் நோய் முற்றியவர்களுக்கு உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்து, திடீரென இரத்தம் கசியலாம். அந்நாளங்களை உள்நோக்குக் கருவி மூலமாகவே சிறு இறப்பர் வளையங்களால் கட்டிவிட இயலும். குறுகிய குழாயை விரிப்பது, சிக்கிய உணவை அகற்றுவது ஆகியனவும் இதே கருவியால் செய்யப்படுகின்றன.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் மதுவும் முக்கிய காரணங்கள். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கமும் அவற்றுள் ஒன்று. புகையிலை சேர்க்காவிட்டாலும் அது தீங்கற்றதாகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்றும் அம்முகமை 2016ஆம் ஆண்டு அறிவித்தது. தேநீரையும் கோப்பியையும் கைவிட வேண்டியதில்லை. சற்று ஆறவிட்டு அருந்தினால் போதும்.

எப்போது தாமதிக்கக் கூடாது

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் குடும்ப மருத்துவரை விரைவில் காணுங்கள்:

• விழுங்கும்போது உணவு சிக்குதல், அல்லது வலித்தல்
• முயலாமலே உடல் எடை குறைதல்
• அடிக்கடி வாந்தி
• இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை
• மருந்து உட்கொண்டும் தணியாத நெஞ்செரிவு

பின்வருவன அவசர நிலைகள். உடனே 000 என்ற எண்ணை அழையுங்கள்:

• இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கருமையான மலம் (இரும்பு மாத்திரை உட்கொள்வோர்க்கும் மலம் கருக்கலாம், ஆயினும் ஐயமிருப்பின் கேட்டறிவதே நன்று)
• உணவு சிக்கி, உமிழ்நீரைக்கூட விழுங்க இயலாத நிலை
• நெஞ்சு வலியுடன் வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி

இறுதியில் கூறியதை நம்மவர் பலர் "வாயு" என்றும் "கேஸ்" என்றும் எண்ணிச் சுக்குக் கசாயத்துடன் காத்திருப்பதுண்டு. அது மாரடைப்பாகவும் இருக்கலாம். காத்திருக்க வேண்டாம்.

மீன்முள் சிக்கினால் சோற்றை உருண்டையாக்கி விழுங்குவது நம் வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். அது முள்ளை மேலும் ஆழமாகத் தைக்கச் செய்யலாம், குழாயையும் கிழிக்கலாம். தவிர்த்து, மருத்துவ உதவி நாடுங்கள். சிறு குழந்தை பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே அது அவசர நிலைதான். அறிகுறி தோன்றும்வரை பார்த்திராமல், நஞ்சுத் தகவல் மையத்தை 13 11 26 என்ற எண்ணில் அழையுங்கள். மூச்சுத் திணறலோ இரத்தக் கசிவோ இருப்பின் 000ஐ அழையுங்கள்.

இக்கருவி நம்மை வந்தடைந்த வரலாறு

அஞ்சத்தக்க பரிசோதனை என்ற எண்ணம் ஒரு காலத்தில் பொருத்தமாகவே இருந்தது. 1868ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைவழியே நேரான உலோகக் குழாயைச் செலுத்தியே உள்ளே பார்க்க முயன்றார். வளையாத குழாயை எல்லோராலும் விழுங்க முடியாது.

அந்நிலையை மாற்றியது வளையும் கண்ணாடி இழை. பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் அவர்களுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாக உருவத்தைக் கடத்த முடியும் என்று காட்டினார். அவர்களது கட்டுரை 1954இல் வெளியாயிற்று. அதைப் படித்த பசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளையக்கூடிய உள்நோக்குக் கருவியை உருவாக்கி, 1957இல் அதை முதலில் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார். இன்றைய கருவி ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் தடிப்புள்ளது; அதன் நுனியில் சிறு கமராவும் விளக்கும் உள்ளன.

ஆஸ்திரேலியாவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று நம்பப்பட்ட காலத்தில், ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற கிருமியே முக்கிய காரணம் என்று பெர்த் நகரின் ரொபின் வொரனும் பாரி மார்ஷலும் கூறினர். பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாள்களில் நோயுற்றார். உள்நோக்குப் பரிசோதனை அவருடைய இரைப்பையில் அழற்சி ஏற்பட்டிருந்ததைக் காட்டியது. இருவருக்கும் 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. சிறுவயதைத் தெற்காசியாவில் கழித்தவர்களிடம் இக்கிருமி கூடுதலாகக் காணப்படுவதால், உங்கள் பரிசோதனையிலும் இதைத் தேடக்கூடும். கண்டுபிடிக்கப்பட்டால் மாத்திரைகளால் பெரும்பாலும் ஒழிக்கலாம்.

பரிசோதனைக்கு எவ்வாறு செல்வது

முதற்படி குடும்ப மருத்துவர். "வயிறு சரியில்லை" என்று மட்டும் கூறாதீர்கள். உணவு எந்த இடத்தில் நிற்கிறது, திட உணவு மட்டுமா நீரும் சிக்குகிறதா, எப்போது தொடங்கியது, எவ்வளவு எடை குறைந்தது என்பனவற்றைக் கூறுங்கள். திட உணவில் தொடங்கிப் படிப்படியாக நீர்ம உணவுக்கும் சிரமம் பரவுவது குழாய் குறுகி வருவதைக் குறிக்கலாம். திடமும் நீரும் தொடக்கத்திலிருந்தே சிக்குவது தசை இயக்கக் கோளாறாக இருக்கலாம். இவ்வேறுபாடு உங்கள் பரிசோதனையின் அவசரத்தையும் வகையையும் தீர்மானிக்க உதவும்.

மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தருவார். மெடிக்கேர் அட்டை உள்ளவர்கள் பொது மருத்துவமனையில் பொது நோயாளராகக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஹரிஸ் பார்க் நிலையத்திலிருந்து பரமட்டாவை அடுத்து வரும் வெஸ்ட்மீட்டிலேயே பெரிய பொது மருத்துவமனை உள்ளது. தனியார் மருத்துவமனையைத் தேர்ந்தால், சிறப்பு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், மருத்துவமனை, நோய்க்கூற்று ஆய்வகம் ஆகியவற்றின் கட்டணங்களைத் தனித்தனியே முன்கூட்டிக் கேட்டறியுங்கள். மாணவர் விசாவிலும் வருகையாளர் விசாவிலும் இருப்போர் தத்தம் காப்புறுதி எதை ஏற்கிறது என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

பொது மருத்துவமனையில் வரிசை, அவசரத்தின் அளவைப் பொறுத்தது. காத்திருக்கும் காலத்தில் மூன்று செயல்கள் முக்கியம். தொலைபேசி எண்ணோ முகவரியோ மாறினால் தெரிவியுங்கள். எண் காட்டப்படாத அழைப்பு மருத்துவமனையிலிருந்து வருவதாகவும் இருக்கலாம், அதைத் தவறவிடாதீர்கள். தாயகப் பயணம் செல்வதாயின் அத்தேதிகளை முன்பே கூறுங்கள். அறிகுறி மோசமானால் வரிசை வரும்வரை பொறுத்திராமல் குடும்ப மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். அவர் உங்கள் நிலையை மருத்துவமனைக்கு மீண்டும் எழுதுவார்.

உங்கள் மொழியில் கேட்கும் உரிமை

நியூ சவுத் வேல்ஸ் பொது மருத்துவமனைகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரின் சேவை இலவசம். முன்பதிவின்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" எனக் கேளுங்கள். மொழிபெயர்ப்புச் சேவையை நீங்களே அழைக்க விரும்பினால் எண் 131 450.

மகனோ மகளோ உடன் வருவது ஆறுதல் தரும். ஆனால் மொழிபெயர்க்கும் பொறுப்பை அவர்கள்மேல் சுமத்துவது நன்றன்று. "அம்மா பயந்துவிடுவார்" என்று மகள் ஆபத்துகளைக் குறைத்துக் கூறலாம். மகன் முன்னிலையில் தந்தை தம் குடிப்பழக்கத்தை மறைக்கலாம். இரண்டும் அன்பாலும் நாணத்தாலும் நிகழ்வன. இரண்டும் தீங்கு தரக்கூடியன. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். சிறிய சமூகம், தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்று தயங்கினால் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். மருத்துவரிடம் சற்று நேரம் தனியாகப் பேசவும் கேட்கலாம். அது முறையற்ற வேண்டுகோள் அன்று.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுபவர் நீங்களே. விளங்காமல் ஒப்பமிட வேண்டாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள்: வார்ஃபரின், அபிக்சபான், குளோப்பிடோக்ரல், அஸ்பிரின் போன்றவை. இவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இதயக் குழாய்க்குள் வலைக்குழாய் வைத்தவருக்கு நிறுத்துவதே பேராபத்தாகலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவர் கூறுவார்.

நீரிழிவு மருந்துகள்: பட்டினி இருக்கும் நாளில் இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். எம்பகிளிஃப்ளோசின், டாபகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளைப் பட்டினியோடு உட்கொண்டால், இரத்தச் சர்க்கரை இயல்பாகத் தோன்றினாலும் உடலில் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. எப்போது நிறுத்துவது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எடை குறைப்பு ஊசிகள்: செமாகுளூட்டைட், டிர்செபடைட் போன்றவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. இவற்றைப் பயன்படுத்துவோரிடம் முதல்நாள் முழுதும் தெளிந்த நீராகாரம் மட்டும் கொள்ளுமாறு கூறக்கூடும்.

மற்றவை: ஒவ்வாமைகள், கர்ப்பம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட தொல்லை, ஆடும் பல், செயற்கைப் பல். ஊரிலிருந்து தருவித்த சூரணம், லேகியம், கசாயம் ஆகியனவும் மருந்துகளே, அவற்றையும் சொல்லுங்கள். மது, புகையிலை, வெற்றிலை ஆகியவற்றின் அளவை உள்ளபடி கூறுங்கள். மருத்துவர் கேட்பது உங்களைக் குறைகூற அன்று. மயக்க மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுக்கவும், எதைக் கவனித்துப் பார்ப்பது என்று அறியவுமே.

பட்டினி என்பதன் பொருள்

பொதுவாகப் பரிசோதனைக்கு 6 மணி நேரத்திற்கு முன்பிருந்து உணவு உட்கொள்ளக் கூடாது. தெளிந்த நீரை 2 மணி நேரத்திற்கு முன்புவரை சிறிதளவு அருந்தலாம். உங்களுக்கு வழங்கப்பட்ட கடிதத்தில் வேறு நேரம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இங்குதான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். பால் நீராகாரம் அன்று, அது உணவு. விரத நாள்களில் பாலும் பழமும் உண்பது நம் வழக்கமாயினும் மருத்துவப் பட்டினியில் அதற்கு இடமில்லை. பால் தேநீர், மோர், கஞ்சி, ரசம் ஆகிய அனைத்தும் விலக்கப்பட்டவை. வெற்றிலையும் மெல்ல வேண்டாம். மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகலாம். தவறி ஏதேனும் உட்கொண்டுவிட்டால் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். பரிசோதனை தள்ளிப்போகலாம், அந்த இழப்பு சிறிது.

பரிசோதனை நாள்

மெடிக்கேர் அட்டை, மருந்துகளின் பட்டியல், முந்தைய அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விலையுயர்ந்த நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற விரும்பாதவர் அதை முன்கூட்டியே செவிலியரிடம் கூறலாம்.

கையில் சிறு ஊசிக்குழாய் பொருத்தப்படும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளிக்கப்படலாம். இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச் செய்து, பற்களுக்கிடையே பாதுகாப்பு வளையம் வைப்பர். தூக்கம் வருவிக்கும் மருந்து நாளத்தில் செலுத்தப்பட்டபின், பெரும்பாலோர்க்கு நடந்தது எதுவும் நினைவில் இருப்பதில்லை. குழாய் உணவுப் பாதையில் செல்வதால் மூச்சுப் பாதையை அடைப்பதில்லை; பிராணவாயு அளவை இடைவிடாது கண்காணிப்பர். சுவர்களை விரித்துப் பார்க்கக் காற்று செலுத்தப்படுவதால் வயிறு சற்று உப்பும்.

பார்ப்பதற்குப் பெரும்பாலும் 15 நிமிடங்களுக்குள்ளேயே ஆகும். ஆயத்தமும் ஓய்வும் சேர்த்து மருத்துவமனையில் சில மணி நேரம் செலவாகும். ஆய்வுக்குச் சிறு திசுத்துணுக்குகள் எடுக்கப்படலாம், எடுப்பது வலிக்காது. துணுக்கு எடுத்தார்கள் என்பதால் புற்றுநோய் என்று பொருள்கொள்ள வேண்டாம். கிருமியையும் அழற்சியையும் கண்டறியவும் துணுக்கு தேவை.

குழாய்ச் சுவரில் துளை விழுதல், கடும் இரத்தக் கசிவு ஆகிய பெருந்தீங்குகள் பார்வைக்கான பரிசோதனையில் மிக அரிது. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானோர்க்கே நிகழ்கின்றன. குறுகிய குழாயை விரித்தல் போன்ற சிகிச்சைகளில் ஆபத்து சற்று கூடும். உங்களுக்குச் செய்யப்போவது எது என்று கேட்டறியுங்கள்.

பரிசோதனைக்குப் பின்

மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரத்திற்கு வாகனம் ஓட்டக் கூடாது. மது அருந்தவோ, சட்டப் பத்திரங்களில் ஒப்பமிடவோ கூடாது. வீட்டிற்கு அழைத்துச் செல்லவும் அன்றிரவு உடனிருக்கவும் வளர்ந்தவர் ஒருவர் வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமார் அன்று அப்பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தெளிவாக இருப்பது போலத் தோன்றினாலும் கவனமும் நினைவும் முழுமையாகத் திரும்பியிரா.

தொண்டைக் கரகரப்பும் வயிற்று உப்புசமும் ஓரிரு நாளில் அடங்கும். ஆனால் நெஞ்சிலோ கழுத்திலோ வயிற்றிலோ கடும் வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் 000ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் அப்போது கூறுவது உங்கள் நினைவில் தங்காது. எனவே எழுத்து வடிவில் அறிக்கை கேளுங்கள். துணுக்கு முடிவுகள் வரச் சில நாள்கள் முதல் ஓரிரு வாரங்கள்வரை ஆகலாம். தகவல் வராவிட்டால் "குறையொன்றும் இல்லை போலும்" என்று முடிவுகட்டாமல் குடும்ப மருத்துவரை அழைத்துக் கேளுங்கள்.

எழுதி எடுத்துச் செல்ல ஆறு வினாக்கள்

1. எனக்கு இப்பரிசோதனை எதற்காக? வேறு வழி உண்டா?
2. எந்த மருந்தை எப்போது நிறுத்தி, எப்போது மீண்டும் தொடங்குவது?
3. எந்த நேரத்திலிருந்து உண்ணவும் பருகவும் கூடாது?
4. பார்ப்பது மட்டுமா, சிகிச்சையும் செய்வீர்களா?
5. முடிவை யார், எப்போது, எவ்வாறு அறிவிப்பார்?
6. மீண்டும் பரிசோதனை தேவைப்படுமா?

பயன்படும் எண்கள்

அவசர உதவி: 000
செவிலியரின் தொலைபேசி ஆலோசனை, 24 மணி நேரமும்: 1800 022 222
மொழிபெயர்ப்புச் சேவை: 131 450
நஞ்சுத் தகவல் மையம்: 13 11 26

இக்கட்டுரை பொதுத் தகவலுக்காக எழுதப்பட்டது. உங்கள் மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாகாது. உங்கள் வீட்டில் யாரேனும் அண்மைக்காலமாக மெல்ல உண்கிறாரா, சில உணவுகளைத் தவிர்க்கிறாரா, தனியே உண்ண விரும்புகிறாரா என்று இன்றிரவு உணவு வேளையில் கவனியுங்கள். அவருடன் அமர்ந்து உண்ணுங்கள். விழுங்கச் சிரமமா என்று கேளுங்கள். பல நோய்களை உரிய காலத்தில் கண்டறிவதற்கு அந்த ஒரு கேள்வியே தொடக்கமாக அமையும்.